பட்டியலின் கடைசி வரி

எதிர்வீட்டு ஜிம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழவு வீட்டுக்குப் போய்வந்த முகத்தோடு குப்பைத்தொட்டியை இழுத்தால், முந்தின நாள் எங்கள் ஏரியா காலேஜ் ஃபுட்பால் டீம் தோற்றுவிட்டது என்று அர்த்தம். இந்த சீசன் முழுக்க அதே முகம்தான். காலேஜ் டீம்கள் மோதும் கான்ஃபரன்ஸ் பட்டியலை மேலிருந்து தேடினால் விரல் வலிக்கும்; எங்கள் பெயர் கடைசி வரியில் இருந்தது. ஆனாலும் மனுஷன் வாராவாரம் டீமின் சிவப்புத் தொப்பி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "தோக்கத்தானே போறாங்க, எதுக்குப் போறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "இன்னிக்கு சனிக்கிழமையாச்சே!" என்றார். நான் கிழமையா கேட்டேன்?

என் மகள் இலக்கியா அந்த காலேஜ் பேண்டில் ட்ரம்பெட் வாசிக்கிறாள். நாலு வருஷமாக, "டாட், ஜஸ்ட் ஒன் கேம்!" என்று கெஞ்சினாள். "உங்க டீம் ஜெயிக்கட்டும், வர்றேன்" என்பேன். பெரிய நக்கல் என்று எனக்கு நினைப்பு. ஈரோட்டில் என் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று, அப்பா பேப்பரில் என் நம்பரைப் பார்த்துவிட்டு, "ஸ்கூல் ஃபர்ஸ்ட் யாரு?" என்று மட்டும் கேட்டார். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதையே பொட்டலம் கட்டி இந்த அமெரிக்க ஊர் பிளெய்ன்ஸ்பரோ வரைக்கும் கொண்டுவந்திருக்கிறேன்.

அவளுக்குக் கடைசி வருஷம், சீசனின் கடைசி ஆட்டம். போனேன். நாலு குவார்ட்டரில் மூன்றாவது முடிவதற்குள் மானம் போயிற்று. கடைசி இடம் உறுதி. ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது, டிராஃபிக்குக்கு முன்னால் கிளம்பிவிடலாம் என்று எழுந்தேன். பக்கத்தில் இருந்த ஜிம் கையைப் பிடித்தார்: "பசங்க இன்னும் ப்ளே பண்ணலையே!" பாவம், டீம் இனிமேல்தான் ஆடும் என்று ஆறுதல் சொல்கிறார் என நினைத்து, "பரவால்ல ஜிம், இனிமே ஜெயிக்க முடியாது" என்று தோளைத் தட்டிவிட்டு வந்தேன்.

கார் கதவைத் திறக்கும்போது உள்ளே ஆட்டம் முடிந்த சத்தம். இலக்கியாவிடமிருந்து மெசேஜ்: "டாட், இப்ப சீனியர்ஸ் ஒவ்வொருத்தரா தனியா வாசிப்போம். நெக்ஸ்ட் நான். எங்க இருக்கீங்க? கையைத் தூக்குங்க."

ஸ்டேடியம் கேட்டுக்கு ஓடினேன். வெளியே வந்தவர்களை மறுபடி விடமாட்டார்களாம். மகள் வாசிக்கிறாள் என்றேன், ரூல் என்றான் அங்கே நின்ற காவலாளி. ஜெயித்தால்தான் வருவேன் என்று மகளுக்கே ரூல் போட்ட எனக்கு ரூல் சொல்கிறான்! என்மேல்தான் காறித் துப்பத் தோன்றியது.

சுவருக்கு அந்தப்பக்கம் ஒற்றை ட்ரம்பெட் எழுந்தது. தோற்றுப்போன டீமின் அத்தனை ஜனமும் எழுந்து கைதட்டியது. நான் பார்க்கிங் லாட்டில், கார்களுக்கு நடுவே, கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.