நியூயார்க் மேயரும் ஓர் அச்சுப் பிழையும்

தோழிகளே, நாளைக் காலை நம் வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்காக இதை இன்றே எழுதுகிறேன். அதற்குள் கோபம் ஆறிவிடக்கூடாது.

இன்று பாலக்கரையில் நடந்த பேச்சுப் போட்டியில் எனக்குப் பரிசு இல்லை. வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய்.

தலைப்பு, 'அமெரிக்காவின் பெருநகரங்கள்'. நியூயார்க் மேயரை அந்த ஊர் மக்களே நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றேன். நடுவராக வந்திருந்த முன்னாள் கவுன்சிலர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தப்பு. இங்க நாங்க கவுன்சிலருங்க கை தூக்கினாத்தான் முனிசிபல் சேர்மன். மெட்ராஸ் மேயரும் அப்படித்தான். அமெரிக்காவுல மட்டும் தெருவுல போறவங்க எல்லாம் சேர்ந்து மேயரை எடுப்பாங்களா?"

கையோடு கொண்டுபோயிருந்த நூலகப் புத்தகத்தை விரித்து, அந்த வரியில் விரல் வைத்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"அச்சுப் பிழையா இருக்கும், பாப்பா."

ஓர் எழுத்து மாறினால் அச்சுப் பிழை. ஓர் ஊரே திரண்டு ஓட்டுப் போடுவது எப்படி அச்சுப் பிழையாகும்? அதையும் கேட்டேன்.

"வாயைப் பாரு!" என்று சொல்லி, என் பெயருக்கு நேரே ஐந்து மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்.

ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலம் ஏறியும் எனக்கு ஆறவில்லை. கூட வந்த கமலா சிரித்தாள்.

"எந்த மேயர் எந்தப் புல்லை மேஞ்சா உனக்கென்னடி?"

அவள் தன் பேச்சில் மேயரைப் பற்றி வாயே திறக்கவில்லை. முதல் பரிசு அவளுக்குத்தான்.

ஒரே ஒரு சந்தேகம். தெரிந்தவர்கள் இந்தத் தாளின் கீழேயே எழுதுங்கள்: இந்த நடுவருக்காகக் கை தூக்கியது யார்?