முடி முளைத்த களம்

எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. சிமெண்ட் வேலையில் இருப்பவளுக்கு இது நல்ல குணமில்லை. கான்கிரீட் யாருடைய அவசரத்துக்கும் இறுகாது. திண்டிவனத்தில் ஒரு பில்டரிடம் பல வருஷம் சைட் பார்த்துவிட்டு, இனி சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறேன் என்று கிளம்பியபோது வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டார். மயிலத்துப் பக்கம் கிராமத்தில் பயிர் வைத்துக்கொண்டிருக்கும் மாமியார்தான் ஒரு நிபந்தனை போட்டார்.

"மொதல்ல நம்ம களத்தப் போடு. அது நின்னா சுத்துப்பட்டு ஊரெல்லாம் உன்னக் கூப்புடும். வெடிச்சிதுன்னு வெச்சிக்க, ஒருத்தனும் கூப்புட மாட்டான். நின்னாதான் நானும் உனக்காக நாலு பேர்கிட்ட சொல்லுவேன்."

அவர் பேச்சில் நியாயம் இருந்தது. விளைச்சலைக் காயப்போடும் பழைய களத்தை ஒரு மேஸ்திரி போட்டிருந்தார். போட்ட வருஷமே அது பாளம் பாளமாக வெடித்துவிட்டது. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, காயப்போட்டால் பரவாயில்லை, பெரிய சாமான். எள்ளைப் போட்டால் விரிசலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அத்தை ஒரு துடைப்பக்குச்சியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரிசலாகக் குத்திக் கிளறி எடுப்பார். கிளறிக்கொண்டே அந்த மேஸ்திரியை வாய்க்கு வந்தபடி திட்டுவார். அந்தத் திட்டில் என் பேரை வைத்துப் பார்த்தேன்.

கான்கிரீட் வெடிக்கப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. போட்ட அன்றைக்கே, இன்னும் இறுகாமல் பச்சையாக இருக்கும்போதே, வெயிலும் காற்றும் மேலே இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். மேல்பக்கம் சுருங்கும், அடிப்பக்கம் சுருங்காது, நடுவில் பிளந்துகொள்ளும். கம்பி கட்டினாலும் அது உள்ளே கிடக்கும், மேல்தோலில் நடப்பதைத் தடுக்காது. அதனால் விழுப்புரத்தில் ஒரு கடையில் ஃபைபர் பாக்கெட் வாங்கினேன். விரல் நகம் நீளத்துக்கு நறுக்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் நார். கலவை முழுக்கப் பரவி நின்று, பிளக்கப் பார்க்கும் இடத்தையெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அத்தை ஒரு சிட்டிகை எடுத்து ஊதிப் பார்த்தார்.

"இந்தப் பஞ்சா சிமெண்ட்டப் புடிச்சிக்கினு நிக்கப் போவுது?"

நாரை மொத்தமாகக் கொட்டினால் உருண்டை கட்டிக்கொள்ளும். அதனால் யாரையும் நம்பாமல் கலவை மிஷின் பக்கத்தில் நானே நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினேன். வெயில் ஏறுவதற்குள் மட்டம் அடித்து முடித்து, இறுகியதும் ஈரக்கோணி போர்த்தினோம். கோணி மட்டும் காயக் கூடாது என்று அத்தையிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு, விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன்.

கல்யாணம் முடிந்து திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே புகை தெரிந்தது. யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். கிட்டே போனால் என் களம் எரிந்துகொண்டிருந்தது.

கோணியெல்லாம் ஓரத்தில் சுருட்டிக் கிடந்தது. களம் முழுக்க வைக்கோலைப் பரப்பித் தீ வைத்திருந்தார்கள். அத்தையும் பக்கத்து வீட்டு அம்மாவும் ஆளுக்கொரு கழியோடு தீயைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தே! இன்னா பண்றீங்க?"

"வா, வா. நீ போட்ட தரையில முடி மொளைச்சிருக்குது பாரு. கைய வெச்சா குத்துது. எள்ளுல கலந்தா அதயும் சேத்து செக்குல ஆட்டறதா? அதான் கோழி வாட்டற மாரி ஒரு வாட்டு வாட்டிக்கினு இருக்கோம்."

மேலே நீட்டிக்கொண்டிருந்த நார்நுனிகளைத்தான் முடி என்கிறார். கொஞ்ச நாள் நடந்தால் தானாகத் தேய்ந்துபோகிற சமாச்சாரம். மஞ்சள் தடவிய நாட்டுக்கோழியை வைக்கோல் தீயில் வாட்டி, மிச்சமிருக்கும் பொடி ரோமத்தைப் பொசுக்குவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அதைத் தரைக்கும் செய்யலாம் என்று என் மாமியாருக்கு மட்டும்தான் தோன்றும். தண்ணீர் குடிக்க வேண்டிய நாளில் தரையைக் காயவைத்து, அதன்மேல் நெருப்பு வேறு. நான் கத்திய கத்தலை இங்கே எழுத முடியாது. பயந்துபோன பக்கத்து வீட்டு அம்மா ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயோ, ஊத்தாதீங்க!"

சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் அதற்கே வெடித்துவிடும். தீ அடங்கித் தரை ஆறும்வரை மூன்று பேரும் ஓரத்தில் நின்ற டிராக்டரின் நிழலில் உட்கார்ந்திருந்தோம்.

"வெடிச்சிடுமா?" என்றார் அத்தை.

"தெரியல."

"வெடிச்சா நான்தான் கொளுத்தனேன்னு ஊர்ல சொல்லிடறேன். உன் பேரு கெடாது."

சொல்லக்கூடியவர்தான். என் கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. அதற்குமேல் யாரைத் திட்டுவது?

ஆறியதும் மறுபடி கோணியை நனைத்துப் போர்த்திவிட்டு அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் எழுந்ததும் கோணியை விலக்கி நாங்கள் இரண்டு பேரும் குனிந்து பார்ப்போம். கரி படிந்திருந்தது, விரிசல் இல்லை. ஒரு ஓரத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு கோடு, அதில் நகம்கூட நுழையவில்லை. நார் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வருஷம் எள் காய்ந்ததும் அத்தை ஒரே கூட்டாகக் கூட்டி அள்ளினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்தான்.

அவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பார்க்கிறவர்களிடமெல்லாம் "என் மருமவ போட்ட களம்" என்று சொல்லிச் சொல்லி, விழுப்புரம் தாண்டிக் காணை வரைக்கும் எனக்கு வேலை வருகிறது. அந்தச் சிபாரிசோடு தன் பங்குக்கு ஒரு செய்முறையையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது போன வாரம்தான் தெரிந்தது. பெருமுக்கல் கிராமத்தில் ஒருவருடைய களத்தை அளக்கப் போயிருந்தேன். எல்லாம் பேசி முடித்ததும் அவர், ஓரத்தில் பக்குவமாக அடுக்கி வைத்திருந்த வைக்கோல் கட்டுகளைக் காட்டினார்.

"இது போதுங்களா மேடம்? கொளுத்தறதுக்கு நீங்களே வந்துடுவீங்களா, இல்ல உங்க மாமியாரக் கூட்டிக்கினு வரணுங்களா?"