நான் வேண்டாத மழை

ராமாயி ஓடைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவந்து என் மேசைமேல் திறந்து வைத்தார். எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டேன். அப்படி ஒரு புளித்த நாற்றம். எண்பதுகளின் தொடக்கம் அது. நான் பழனியில் குடியிருந்து திண்டுக்கல் கோர்ட்டுக்குப் போய்வந்த வக்கீல்.

ராமாயி குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தது. பெரும்பாறை மலைப் பக்கம் ஓடைக்கரையில் அவர்களைப் போல இன்னும் சில குடும்பங்கள். மேலே ஒரு காபி எஸ்டேட் கம்பெனி புதிதாக மில் போட்டு, காபிப் பழத்தின் தோல் உரித்த கழிவை அப்படியே ஓடையில் விட்டது. இவர்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது.

"பிள்ளைக்கு வயித்தால போய்க்கிட்டே கெடக்குங்க ஐயா. தைப்பூசத்துக்கு ஆண்டவருக்கு இந்த ஓடையிலதான் தீர்த்தம் எடுப்போம். இத எப்படிங்க கொண்டுபோறது?" என்றார்.

வழக்குப் போட்டேன். ஓடை தெளிவாகத்தான் ஓடுகிறது என்று கம்பெனி வக்கீல் சாதித்தார். நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் ஒரு கமிஷனரை நியமித்தது. அவர் வரும் நாளை இரு தரப்புக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அவர் கண்ணில் படுவதை வைத்துத்தான் எல்லாம். அங்கே தோற்றால் அந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீர்தான் கதி.

கார்த்திகை மாதம், மழைக்காலம். விடியற்காலையில் படியேறி ஆண்டவர் முன்னால் நின்று ஒன்றே ஒன்று கேட்டேன். கமிஷனர் வரும் அன்றைக்கு மட்டும் மழை வேண்டாம், பாதை திறந்திருக்கட்டும்.

கொட்டித் தீர்த்தது. மலைப்பாதையில் மண் சரிந்து எங்கள் ஜீப் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. நான், கமிஷனர், கம்பெனி வக்கீல் மூவரும் ஒரு டீக்கடையில் ஒடுங்கி உட்கார்ந்தோம். போன் கம்பியும் அறுந்துவிட்டது. பாதையைச் சரிசெய்ததும் மறுநாள் காலையில் போகலாம் என்றார் கமிஷனர். போயும் போயும் ஒரு கோவணாண்டியை நம்பி வந்தேனே என்று மனதுக்குள் ஆண்டவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மறுநாள் போனால், ஓடை நுரை தள்ளிக்கொண்டு கறுப்பாக ஓடியது. கமிஷனர் மூக்கைப் பொத்திக்கொண்டே மில்லுக்கு ஏறினார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நின்ற மேஸ்திரியிடம் விசாரித்தார்.

"கமிஷனர் வர்றாருன்னு நேத்து நிறுத்தி வச்சிருந்தோம்ங்க. பாதை அடைச்சிருச்சு, இனி வரமாட்டாருன்னுட்டாங்க. பறிச்ச பழத்த இன்னும் போட்டு வச்சா அழுகிப்போகுமுங்களே" என்றார் அவர், கேட்பது யார் என்று தெரியாமல்.

நான் கேட்டபடி மழை பெய்யாதிருந்தால், முந்தின நாளே வந்து தெளிந்த ஓடையைப் பார்த்துவிட்டுத் தோற்றுத் திரும்பியிருப்போம். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். அப்பனே, என்னை மன்னித்துவிடு என்றேன்.

கோர்ட் தடை உத்தரவு போட்டது. கம்பெனி கழிவுக்குத் தனிக் குழி வெட்டியது. மறுவருஷத் தைப்பூசத்துக்கு ராமாயியும் அவர் சனங்களும் தீர்த்தக் குடங்களோடு பழனிக்கு நடந்தே வந்தார்கள். எனக்கென்று தனியாக ஒரு பாட்டிலில் ஓடைத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார் ராமாயி. பிள்ளை குணமாகி அவர் பக்கத்தில் நின்றது. மடக்மடக்கென்று முழுவதையும் குடித்தேன்.

இப்போதெல்லாம் படியேறினால் என்ன வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். எப்படிச் செய்ய வேண்டும் என்று அவருக்குச் சொல்லித் தருவதில்லை. கஷ்டத்தில் இருக்கிற அடியார்களே, நீங்களும் அவரிடம் கேளுங்கள். கேட்டது நடக்காவிட்டால் மழை விடும்வரை பொறுத்திருங்கள். திட்டுவதென்றால் அதற்குப் பிறகு திட்டிக்கொள்ளலாம்.