ஓஸ் இழுப்பவளின் உடுப்பு

திராட்சைப் பந்தலுக்குள் மருந்து அடிக்கும்போது எல்லோரும் தெளிப்பான் கன்னைப் பிடித்தவரைத்தான் பார்ப்பார்கள். பின்னால் ஓஸ் குழாயைத் தோளில் போட்டு, கல்தூணில் சிக்காமல் இழுத்துக்கொண்டே நடப்பவள் யார் கண்ணிலும் படமாட்டாள். ஓடைப்பட்டிப் பக்கம் எங்கள் ஒரு ஏக்கரில் பதினெட்டு வருடமாக அவள் நான். கன் என் வீட்டுக்காரருக்கு, ஓஸ் எனக்கு. ஓஸ் சிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் மோட்டார் சுவிட்சை அணைக்கிற ஈரக் கையும் எனதுதான். இலையில் பட்டது இலைக்கு. படாமல் சொட்டியதெல்லாம் என் தலைக்கு.

போன கவாத்துக்குப் பிறகு விடாமல் மேகமூட்டம். செவட்டை நோய் விழுந்துவிடும் என்று அவசர அவசரமாக அடித்தோம். அன்று வரப்பில் உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். என்ன உடுத்திக்கொண்டு வேலை செய்கிறாய் என்று சின்னமனூரில் டாக்டரம்மா கேட்டார். நான் பெருமையாகவே சொன்னேன்: சேலைக்கு மேல் வீட்டுக்காரருடைய பழைய சட்டை, முகத்தில் ஈரத்துண்டு, கைகால் முழுக்கத் தேங்காய் எண்ணெய். எண்ணெய் இருந்தால் மருந்து ஒட்டாது என்று எங்கள் பக்கம் எல்லோரும் பூசுவதுதான். அவர் பேனாவைக் கீழே வைத்தார். எண்ணெய் விஷத்தைத் தோலுக்குள் கூட்டிப்போகும், ஈரத்துண்டு அதை மூக்கோடு பிடித்து வைக்கும், இன்னொரு தடவை இப்படி வந்தால் பந்தலை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்.

பந்தலை ஏன் மறக்க வேண்டும்? அதில் பாதி என் தோளில் நின்றது. மறுநாளே தேனிக்குப் பஸ் ஏறினேன்.

மருந்து அடிக்கப் போடுகிற உடுப்பு வேண்டும் என்றதும் கடைக்காரர், அண்ணனுக்கு என்ன அளவு என்று கேட்டார். எனக்கு என்றேன். சிரித்துவிட்டு, கனத்த நீலத் துணியில் முழு உடுப்பு ஒன்றை எடுத்துப் போட்டார். கனமாக இருந்தால் கெட்டியாக இருக்கும் என்பது அவர் கணக்கு. குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன். தாகமெடுத்தவன்போல் துணி குடித்தது. அவருக்கு முகம் சுருங்கியது. அடுத்ததையும் ஊற்றித்தான் பார்ப்பேன் என்றேன். மூன்றாவதில் நீர் முத்தாக உருண்டு விழுந்தது. மெல்லிய வெள்ளை உடுப்பு, தலைமூடி வைத்தது. ஆண் அளவுதான். கவட்டை முழங்காலுக்கு இறங்கியது. குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன், கண்ணுக்குத் தெரியாத ஓஸைத் தோளில் போட்டுக் கடைக்குள் நாலு எட்டு நடந்தேன். வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

பிறகு கையுறை. ஓஸைப் பிடித்த கை மேலே இருக்கும், சொட்டுவது முழங்கைக்கு வழியும். அதனால் சட்டைக்கைக்கு மேலே ஏறுகிற நீளக் கையுறை வேண்டும், அதன் விளிம்பை வெளியே மடிக்க வர வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்ததும், முகமூடிக்கு மருந்து நெடியைப் பிடிக்கிற வடிகட்டி உண்டா என்று கேட்டு வாங்கினேன். கடைக்காரர் கொஞ்சம் தணிந்து, இந்தக் கையுறையோடு மோட்டார் சுவிட்சையும் தொடலாம், ரப்பர் ரப்பர்தானே என்றார்.

பக்கத்தில் பூட்ஸ் பார்த்துக்கொண்டிருந்த லைன்மேன் ஒருவர் திரும்பினார். "அக்கா, அவுக யாவாரத்துக்குச் சொல்றாக. கரண்டு கையுறை வேற சாதி. எத்தன வோல்ட்டு தாங்கும்னு அதுல அச்சடிச்சிருக்கும். நாங்களே தெனம் காத்தடைச்சு ஓட்டை பாத்துத்தான் மாட்டுவோம். ஒங்களுக்கு அது எதுக்கு? கையக் கழுவித் தொடச்சுட்டுச் சுச்சத் தொடுங்க. மருந்து வடியுற கை அங்கன போகவே கூடாது."

கரண்டு கையுறை வாங்காமல் வந்தேன்.

வீட்டில் உடுப்பை விரித்ததும் வீட்டுக்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். "நெலாவுக்குப் போறியா? சும்மா ஓஸ் இழுக்கிறவளுக்கு இம்புட்டு உடுப்பா?"

"சும்மா இழுத்தவளுக்குத்தான வாந்தி வந்துச்சு."

அடுத்த மருந்து நாள். ஊர் சிரிக்கும், அது இல்லாமல் வா என்றார். அப்படியானால் ஓஸைத் தொடமாட்டேன் என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். தனியாகக் கிளம்பினார். முதல் வரிசையில் ஓஸ் தூணைச் சுற்றியது. இரண்டாவதில் மடங்கி நின்றது. இழுத்த இழுப்பில் இணைப்பு கழன்று அவர் வேட்டி நனைந்தது. பக்கத்துப் பந்தல்காரர் அங்கிருந்தே, என்ன மாமா, இன்னைக்கு ஒங்களுக்கே மருந்தா என்று கேட்டார். அவர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, எங்கோ பார்த்துக்கொண்டு, உடுத்திக்கொண்டு வரச் சொன்னார்.

நான் எழவில்லை. "மொதல்ல வேட்டிய மாத்துங்க, சோப்புப் போட்டுக் குளிங்க. சுச்சு இனி ஒங்க வேல, காஞ்ச கையோட போடுங்க. நடுவுல சிக்குனா கன்ன மூடுங்க, நான் ஓடமாட்டேன். இது ஆகும்னா சொல்லுங்க."

அவர் கன்னைத் தூணில் சாய்த்தார். குளித்து, வேட்டி மாற்றி, கையைத் துண்டில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு மோட்டார் பெட்டிப் பக்கம் நடந்தார்.

ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினேன். உள்ளே அடுப்பு. முதல் வரிசை முடிவதற்குள் வியர்வை கால்வழி இறங்கிப் பூட்ஸுக்குள் தேங்கிவிட்டது. பந்தலிலிருந்து சொட்டியது தலைமூடியில் பட்டு, தோளில் உருண்டு, தரைக்குப் போனது. வேலிப்பக்கம் நாலு பேர் நின்று சிரித்தார்கள். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்று ஓஸை இன்னும் உயர்த்திப் பிடித்து நடந்தேன்.