மூன்று மணிக்குக் கழற்றிய கிளாம்ப்

செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகும் சந்தில் எங்கள் மரப் பட்டறை இருக்கிறது. எங்கள் என்றால் நானும் என் கூட்டாளியும். இருவருக்கும் ஒரே வயது. பதினோரு வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம். மரத்தில் துளை போடுவதும் அதற்குள் செருகும் முனையைச் செதுக்குவதும் அவன் வேலை. பசை தடவிச் சேர்த்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, பாலிஷ் அடிப்பது என் வேலை. அவன் செதுக்கிய முனையைத் துளைக்குள் தள்ளும்போது உள்ளேயிருக்கும் காற்று மெல்லச் சீறி வெளியே வரும். அவ்வளவு கச்சிதம்.

போன வருடம் கார்த்திகை மாதம், கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஊரிலிருந்து ஒரு சமண நயினார் வீட்டம்மா மகனோடு வந்தார். அறுபதைத் தாண்டியவர், கொஞ்சம் கனத்த உடம்பு. ஊரிலிருக்கும் ஜினாலயத்தில் தரையில் உட்கார முழங்கால் விடவில்லை என்றார்.

“பிளாஸ்டிக் சேர் போட்டு சாமி எதிர்ல உக்கார மனசு வரலப்பா. மரத்துல, தாழ்வா ஒண்ணு செஞ்சு குடுங்க.”

என் கூட்டாளி அந்த நாற்காலியை ரசித்துச் செய்தான். அப்போதுதான் அவன் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்கியிருந்தான். “இன்னாபா, கோடு தெரியுதா எனக்கு?” என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டு செதுக்கினான். ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு இருவரும் சேர்ந்து பசை தடவிப் பொருத்தி, நான்கு கிளாம்ப் போட்டு இறுக்கினோம். பிறகு அவன் போளூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனான்.

அன்று மழை விட்டு விட்டுப் பெய்தது. ஈரக்காற்றில் பசை சீக்கிரம் பிடிக்காது, மறுநாள் வரை கிளாம்பைத் தொடக்கூடாது. இது எனக்குத் தெரியாததல்ல. மூன்று மணிக்குப் பக்கத்துக் காபிக் கடைக்காரர் வந்து நின்றார். கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் வருவதற்குள் அவருக்கு நீள மேசைப் பலகை வேண்டும். பலகைகளை ஒட்ட ஆறு கிளாம்ப் தேவை. பட்டறையில் இருந்ததே ஆறுதான். நாற்காலியிலிருந்த நான்கையும் கழற்றினேன்.

சுவரில் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. கால்களைச் சுற்றி அந்தக் கயிற்றைக் கட்டி, நடுவில் ஒரு குச்சியை விட்டு முறுக்கியிருந்தால் நாற்காலி மறுநாள் வரை அசையாமல் இருந்திருக்கும். அந்த யோசனை வந்தது. செய்யவில்லை. மறுநாள் பார்த்தபோது பின்கால் ஒன்றின் மூட்டு மயிரிழை அளவு வாயைத் திறந்திருந்தது. மரத்தூளைப் பசையில் குழைத்து அதில் அடைத்து, தேய்த்து, மேலே பாலிஷ் அடித்தேன். கூட்டாளி வந்து தடவிப் பார்த்து, “சூப்பரா வந்துருக்குப்பா” என்றான். நான் தலையாட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாவின் மகன் நாற்காலியை வண்டியில் கட்டிக்கொண்டு வந்தார். பின்கால் தனியாக இருந்தது. அம்மா கோயிலில் சாய்ந்து விழுந்து, இடது மணிக்கட்டு உடைந்து, கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றார். அவர் சத்தம் போடவில்லை. கூட்டாளி காலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் அடைத்த தூள் உதிர்ந்து போயிருந்தது. இடைவெளி மட்டும் தெரிந்தது.

“நான்தான் லூசா செதுக்கிட்டேன்ங்க. கண்ணு சரியில்ல. என் தப்புதான்” என்றான்.

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். “உள்ள வந்து உக்காருங்க, டீ சொல்றேன்” என்றேன்.

அடுத்த வாரம் இருவரும் அந்த அம்மாவைப் பார்க்கப் போனோம். கூட்டாளி மன்னிப்புக் கேட்டபோது அவர், “அட, என் கனத்துக்கு எந்த மரம்தான் தாங்கும்? நீங்க இன்னா பண்ணுவீங்க” என்று சிரித்தார். பொழுது சாய்ந்தால் அவர்கள் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். அதற்கு முன்பே எங்களை உட்கார வைத்துப் பரிமாறச் சொன்னார். நான் குனிந்தபடியே சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு கூட்டாளி உளியைத் தொடுவது குறைந்தது. மூட்டு வேலை வந்தால் ஸ்க்ரூவும் இரும்புப் பட்டையும் போடலாம் என்றான். இரண்டு முறை கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தான். கண்ணில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும், “அப்ப கைதான் போச்சு” என்றான். பங்குனியில் ஒருவர் ஊஞ்சல் செய்யச் சொல்லி வந்தபோது, “எங்களால ஆகாதுங்க, வேற ஆளப் பாருங்க” என்று திருப்பி அனுப்பினான். அவர் சந்து திரும்புவதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

“அந்த நாற்காலில உன் தப்பு ஒண்ணும் இல்ல. நான் கிளாம்ப கழட்டிட்டேன்.”

“எத்தன மணிக்கு?”

“மூணு.”

“காலையில பத்தரைக்கு ஒட்டுனோம். மழ வேற.” விரல்விட்டு எண்ணுவது போல நிதானமாகச் சொன்னான். “நாலு மாசமா என்னப் பாத்துக்கினே இருந்தியே.”

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, “அந்தம்மாகிட்ட நீயே போய் சொல்லு. நான் வர மாட்டேன்” என்றான்.

தனியாகப் போனேன். முற்றத்தில் அந்த அம்மா மணிலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தார். ஆளே இளைத்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கை நிறுத்தாமல் கேட்டார்.

“அப்ப என் கனத்தால இல்லியா?”

“இல்லம்மா.”

“நாற்காலிய ஒடச்சிட்டமேனு அன்னிலேருந்து ஒரு வேள சோறுதான் சாப்புடறேன்” என்றார். பிறகு உரித்த கொட்டையை ஒரு கை அள்ளி என்னிடம் நீட்டினார். “நீயாவது வந்து சொன்னியே. சாப்புடு.” வாங்கிக்கொண்டேன்.

புது நாற்காலியைக் கூட்டாளியே செதுக்கினான், அவனே ஒட்டினான். கிளாம்ப் போட்ட பிறகு பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். நான் பாலிஷ் மட்டும் அடித்தேன். நாற்காலி நன்றாக இருப்பதாக அந்த அம்மாவின் மகன் போனில் சொன்னார்.

கூட்டாளி இப்போது பழையபடி செதுக்குகிறான். வேலையைப் பற்றிப் பேசுகிறான், டீ குடிக்கக் கூப்பிட்டால் வருகிறான். ஆனால் நான் ஏதாவது ஒரு கிளாம்பின் திருகில் கை வைத்தால், என்ன வேலையில் இருந்தாலும் நிமிர்ந்து ஒரு தரம் பார்க்கிறான். நானும் அவன் பார்த்து முடிக்கும்வரை திருகாமல் நிற்கிறேன்.