மேடு இல்லாத படகுக்காரர்

அந்த ஆறு கடலைத் தொடுவதற்கு முன்னால் கொஞ்சம் சோம்பல் முறிக்கும். அந்த இடத்தில் மணல்மேடுகள் முளைப்பதும் மறைவதும் வாடிக்கை. இன்று தலைகாட்டும் மேடு அடுத்த வெள்ளத்தில் அட்ரஸ் இல்லாமல் போய்விடும். பெயர் மட்டும் போகாது. பெயர் வைக்க ஊரில் ஒரே ஒரு விதிதான்: புது மேட்டில் படகு தரைதட்டினால், முதலில் அதில் கால் வைத்து இறங்குகிறவர் பெயர் அதற்கு. பல் டாக்டர் மேடு, புதுமாப்பிள்ளை மேடு, ஜவுளிக்கடை மேடு எல்லாம் இப்படி வந்தவைதான். பல் டாக்டர் மேடு கரைந்து காலமாகி வெகுநாளாகிறது. ஆனாலும் அந்த டாக்டரின் பேத்தி வேலைக்குப் போன இடத்தில், "ஓ, அந்த மேட்டு டாக்டர் பேத்தியா?" என்றுதான் கேட்டார்கள்.

ஆற்றில் படகு ஓட்டியும் இந்த விதியில் சிக்காத ஒரே ஆள் நம் படகுக்காரர். கரைக்கும் தீவுக்கும் நடுவே மோட்டார் படகு ஓட்டுகிறவர். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே ஆழம் சொல்லிவிடுவார். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஆற்றில் தன் பெயருக்கு ஒரு மேடு வந்துவிட்டால் உயிரோடு இருந்து என்ன பயன் என்று நினைக்கிற ஆள். படகில் ஏறுகிறவர்களுக்கு வழிநெடுக ஒவ்வொரு மேட்டின் கதையையும் சொல்லிக்கொண்டே போவார். பஞ்சர் மேட்டுக் கதைக்கு மட்டும் கையும் காலும் முளைக்கும். காரணம், அது அவருடைய மச்சான் மேடு. மனைவியின் தம்பி, சைக்கிள் பஞ்சர் கடை வைத்திருப்பவர்.

"எங்க மச்சான் இருக்கானே, ட்யூப்ல ஊசி குத்துன ஓட்டையைக் கண்டுபிடிச்சிருவான். கண்ணு முன்னாடி இருக்குற மணலைக் கண்டுபிடிக்க மாட்டான்!"

ஒரு மத்தியானம் கதை சூடுபிடித்துவிட்டது. மச்சான் தண்ணீரில் விழுந்து எழுந்ததை நடித்துக் காட்ட, ஸ்டியரிங்கை ஒரு கையில் பிடித்தபடி ஆற்றுக்கு முதுகைக் காட்டிப் பயணிகள் பக்கம் திரும்பினார். சர்ரக்கென்று ஒரு சத்தம். படகு நின்றது.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விதி ஞாபகம் வந்தது. எல்லோரும் காலைத் தூக்கிப் பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார்கள்.

"நீங்கதானே ஓட்டுனீங்க? நீங்க எறங்குங்க," என்றார் முடிவெட்டுபவர்.

"டிரைவர் சீட்டை விட்டு எறங்கக் கூடாது. ரூல்ஸ்," என்றார் படகுக்காரர். அப்படி எந்த ரூல்ஸும் உலகத்தில் கிடையாது.

"நான் எறங்குனா நர்ஸ் மேடுன்னு வச்சிருவாங்க. புள்ளைங்களைப் படிக்க வைக்க வேணாமா?" என்றாள் நர்ஸ். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

வெயில் மண்டையைப் பிளந்தது. ஐஸ்காரரின் பெட்டி ஒழுக ஆரம்பித்தது. அவர் இருந்த ஐஸையெல்லாம் சும்மாவே எல்லோருக்கும் கொடுத்தாரே தவிர, இறங்க மாட்டேன் என்றுவிட்டார்.

கடைசியில் பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவள், ஊருக்கே டிக்கெட் அக்கா, படகுக்காரருக்கு மனைவி. தீவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக அன்று படகில் ஏறியிருந்தாள்.

"பேருதானே? வச்சுத் தொலைங்க. எனக்குப் பசிக்குது," என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஒரே தள்ளு. படகு மிதந்தது.

படகுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெண்டாட்டியைத் தண்ணீரில் இறங்க விட்டோமே என்ற வெட்கம் சாயங்காலம்தான் வந்தது, அதுவும் அவள் ஈரச் சேலையைக் கொடியில் காயப்போட்டதைப் பார்த்த பிறகு.

அதோடு விட்டதா? மற்ற மேடுகள் கரைந்துகொண்டிருக்க, அக்கா மேடு மட்டும் ஊட்டம் கண்ட குழந்தை மாதிரி வளர்ந்தது. புல் முளைத்தது, கொக்கு வந்தது, கொக்கைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். "அக்கா மேட்டுல நிறுத்துங்க" என்றார்கள். "நீங்கதான் அக்கா வீட்டுக்காரரா?" என்று அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். ஆற்றில் ஊர்ப்பட்ட பேருக்கு இடம் இருக்கிறது, தனக்கு மட்டும் ஒரு பிடி மணல் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மாட்டாமல் ஓட்டினவனைப் பற்றிச் சொல்ல ஊரில் ஒரு கதையும் இல்லை. அவருக்கு வயிறு எரிந்தது.

வெட்கத்தை விட்டு பஞ்சர் கடைக்குப் போனார். "மச்சான், எப்படித் தரைதட்டுறதுன்னு கொஞ்சம் சொல்லிக் குடு."

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். "அதெல்லாம் தானா வரணும் மாமா." ஆனாலும் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே கிளம்பினார்.

வாய்க்கால் பிரியும் இடத்தில் புதிதாக ஒரு மேடு தண்ணீருக்கடியில் காத்திருந்தது. படகுக்காரர் நேராக விட்டார். பக்கத்தில் போனதும் பாழாய்ப்போன கை தானாகவே ஒடித்துத் திருப்பிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினார். பாதத்துக்கு அடியில் படகின் அதிர்வு மாறியதும் கை மறுபடியும் திருப்பியது.

"நீங்க விடுங்க மாமா, நான் பாத்துக்குறேன்," என்று மச்சான் ஸ்டியரிங்கைப் பிடித்தார். சர்ரக்!

அப்பாடா! படகுக்காரர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். சரித்திரத்தில் இறங்கப் போகிறோம், கொஞ்சம் மரியாதையாக இறங்குவோம் என்று பேன்ட்டை மடிக்கக் குனிந்தார். தொப்பென்று சத்தம் கேட்டு நிமிர்ந்தால், மச்சான் தண்ணீரில் நின்று படகுக்குத் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

"டேய்! உன்னை யாருடா எறங்கச் சொன்னது?"

மச்சான் திருதிருவென்று முழித்தார். "படகு நின்னா யாராவது எறங்கித் தள்ளணும்ல மாமா? பழக்கத்துல கால் எறங்கிருச்சு."

படகுக்காரருக்கு வந்த கெட்ட வார்த்தை வாயிலேயே நின்றுவிட்டது. மாட்டிக்கொண்டவர்கள் கதை என்று இத்தனை வருஷம் அவர் சிரிக்கச் சிரிக்கச் சொன்னதெல்லாம், இறங்கித் தள்ளினவர்களின் கதை. நினைக்கவே அவமானமாக இருந்தது.

இரண்டாவதாக இறங்குகிறவர் பெயரை அந்த ஆற்றில் எதற்கும் வைப்பதில்லை. அது தெரிந்துதான் அவர் இறங்கினார். மடிக்காத பேன்ட் முழங்கால் வரை நனைந்தது.

"ம், தள்ளு மச்சான்," என்றார்.