ஐலி அண்ணி கடைந்த தொப்பைக் கைப்பிடி

எங்கள் ஐலி அண்ணிக்கு மீன் வாடையே ஆகாது. ரெய்னோ அண்ணன் ஓடையிலிருந்து மீன் கொண்டுவந்தால் அவனே கொல்லையில் உட்கார்ந்து கழுவி, அவனே பொரித்து, அவனே சட்டியையும் தேய்த்து வைக்க வேண்டும். அப்படிப்பட்டவள் தூண்டில் கோலுக்குக் கைப்பிடி கடைய உட்கார்ந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு கண்ணால் பார்த்ததால் நான் நம்பினேன்.

மிச்சிகனின் வடகோடியில், சுப்பீரியர் ஏரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர். அண்ணி பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்த்தவள். பேச்சு குறைவு. யாராவது "அது முடியாது" என்றால் பதில் சொல்லமாட்டாள், போய்ச் செய்து பார்ப்பாள். எங்கள் வீட்டு ஆட்கள் அதைத் திமிர் என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

மரம் அறுக்கும் ஆலையில் அண்ணனுக்கு வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன. காயம் ஆறிவிட்டது. ஆனால் அந்தக் கையை அவன் சட்டைப்பையைவிட்டு வெளியே எடுப்பதில்லை. கோடையில் ஒருநாள் துணிந்து கோலோடு ஓடைக்குப் போனான். வீசும்போதெல்லாம் கைப்பிடி கைக்குள் சுழன்று நழுவியது. இரண்டு விரல் இருந்த இடத்தில் வெறும் சந்துதானே இருக்கிறது. இடது கையால் வீசினான், நூல் கரையோர மரங்களில் போய்ச் சிக்கியது. வீட்டுக்கு வந்து கோலை உறையில் போட்டுச் சுவரில் மாட்டினான். குளிர்காலத்தில் சிநேகிதன் யால்மரிடம் சொல்லியும் விட்டான்.

"மீன் சீசன் தொடங்கறதுக்கு முந்தி வந்து கோலை எடுத்துட்டுப் போடா. எனக்கு எதுக்கு அது இனிமே?"

மீன் பிடிக்காத ரெய்னோவை எனக்குத் தெரியாது. ஜன்னலோரம் நாற்காலி போட்டுப் பனியையே பார்த்துக்கொண்டிருந்த அந்த ஆளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கோல் வீட்டைவிட்டுப் போனால் அவன் அந்த நாற்காலியைவிட்டு எழவே மாட்டான் என்று அண்ணி பயந்தாள்.

"கைப்பிடியை மாத்திட்டா அவருக்குப் பிடிக்க வரும் லெம்பி."

"ரெண்டு விரல் இல்லாத கைக்கு எந்தக் கடையில அண்ணி கைப்பிடி விக்குது?"

"கடையில வாங்கப் போறேன்னு யாரு சொன்னா?"

ஊரில் தூண்டில் சாமான் விற்கிற கடைக்காரர் கைப்பிடி கடைவதை இருவரும் போய்ப் பார்த்தோம். தக்கை வளையங்களை இரும்புக் கம்பியில் கோத்து ஒட்டி, கம்பியைத் துளைபோடும் மிஷினில் மாட்டிச் சுழலவிட்டு, மேலே உப்புத்தாளைப் பிடித்தார். மிஷின் அலறியது, தக்கை புகைந்தது. திரும்பி வரும்போது அண்ணி சொன்னாள்: "அந்த வேகத்துல ஓட்டினா கருகாம என்ன செய்யும்?"

அவளுடைய பழைய தையல் மிஷினில் ஊசிப் பக்கம் என்றோ செத்துவிட்டது, மோட்டாருக்கு மட்டும் உயிர் இருந்தது. அதைக் கழற்றி ஒரு பலகையில் திருகினாள். மகள் சின்ன வயதில் போட்ட சக்கரச் செருப்பைப் பிரித்து பேரிங்குகளை எடுத்து, கம்பி ஆடாமல் ஓட மரத்தூண்களில் பதித்தாள். காலால் மிதித்தால் மெல்ல ஓடும், அழுத்தினால் வேகம் எடுக்கும். அவளுடைய கடைசல் லேத்து அவ்வளவுதான். ஆயுள் முழுக்கத் தையல் மிஷின் மிதித்த கால், தக்கைக்கு எவ்வளவு வேகம் போதும் என்பதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது.

முதல் கைப்பிடி வழவழவென்று வந்தது. கம்பியைவிட்டு மட்டும் வரவில்லை. ஒட்டுவதற்கு முன்னால் கம்பிக்கு மெழுகு பூச வேண்டும், அண்ணி மறந்துவிட்டாள். பசை தக்கையையும் இரும்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் என்று இழுத்துப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம்.

"இதையே ரொட்டி தேய்க்கிற கட்டையா வெச்சுக்கோங்க அண்ணி."

அவள் சிரிக்கவில்லை. கத்தியை எடுத்து அத்தனை தக்கையையும் செதுக்கி எறிந்தாள்.

பெரிய சிக்கல் வேறு ஒன்று. அண்ணன் கைக்கு ஏற்றபடி ஒரு பக்கம் மட்டும் மேடு வைக்கலாம் என்று நினைத்திருந்தாள். சுழல்கிற மிஷினில் எதைக் கடைந்தாலும் உருண்டையாகத்தான் வரும். அப்படியானால் எந்த இடத்தில், எவ்வளவு பருமன்? கையைக் காட்டாதவனிடம் எப்படி அளவெடுப்பது?

சவுனாவில் சட்டைப்பை ஏது! ஆவியில் வேர்த்துக் குளிக்கிற எங்கள் சவுனாக் கொட்டகை இரண்டு வீட்டுக்கும் பொது. சனிக்கிழமை சாயங்காலம் முதலில் அவர்கள் இருவரும், பிறகு நான். சுட்ட கல்லின்மேல் தண்ணீர் ஊற்றுவது எப்போதும் அண்ணன் வேலை. மர அகப்பையின் காம்பு அவன் கைக்குள் புரண்டு, பாதித் தண்ணீர் காலில் கொட்டியதாம்; உள்ளே நடந்ததெல்லாம் அண்ணி பிற்பாடு சொன்னது. அடுத்த சனிக்கிழமை அண்ணி காம்பின் நடுவில் துணி சுற்றி வைத்தாள். அவன் பார்த்தான். அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் துணி.

"அகப்பைக்கு எதுக்குக் கட்டுப் போட்டிருக்கீங்க? அதுக்கும் அடிபட்டுச்சா?" என்று நான் கேட்டேன்.

"வாயை மூடிட்டுக் குளிச்சிட்டு வா" என்றாள்.

ஒரு சனிக்கிழமை அகப்பை புரளவில்லை. தண்ணீர் முழுவதும் கல்லில் விழுந்தது. அண்ணன் எழுந்து போனதும், அந்தக் காம்பை ஒவ்வொரு இடத்திலும் நூலால் சுற்றி அளந்துகொண்டு வந்துவிட்டாள்.

அந்த அளவுக்குக் கடைந்தாள். நடுவில் தொப்பை, இரு முனையிலும் ஒல்லி. கம்பிக்கு இந்த முறை இரண்டு தடவை மெழுகு. பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தாள். அண்ணன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் கோலை இறக்கி, அவன் இருபது வருஷம் பிடித்துப் பழகிய கைப்பிடியை அறுத்து எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினாள். பழையபடி உறையில் போட்டு மாட்டினாள்.

"கொன்னுடுவான் அண்ணி."

"எந்திரிச்சு வந்து கொல்லட்டுமே. எந்திரிக்கிறதுதானே வேணும்."

சொல்லிவைத்தபடி கோலை எடுத்துப்போக யால்மர் பூட்ஸில் ஈரப்பனியோடு வந்தான். காபி, ஏலக்காய் ரொட்டி எல்லாம் ஆனது. அண்ணன் நாற்காலியைவிட்டு அசையாமல் சுவரைக் காட்டினான். யால்மர் உறையை உருவினான்.

"என்னடா இது? கைப்பிடிக்குத் தொப்பை போட்டிருக்கு!"

அண்ணன் எழுந்து வந்து பார்த்தான். முகம் சிவந்துவிட்டது. "யாரைக் கேட்டு அறுத்தே?"

"யாரையும் கேக்கல" என்றாள் அண்ணி.

யால்மர் கோலைப் பிடித்து ஆட்டினான். "என் கைக்குள்ள அடங்கவே மாட்டேங்குதே. கூழாங்கல்லைப் பிடிச்சுக்கிட்டு வீசற மாதிரி இருக்கு. நீயே பிடிச்சுப் பாரு."

கோலை நீட்டிவிட்டான். நினைத்து நீட்டவில்லை, இருபது வருஷப் பழக்கம். அண்ணனின் வலது கையும் பழக்கத்தில் வெளியே வந்தது. தொப்பை அந்தச் சந்தில் போய் உட்கார்ந்தது. அவன் கையை அசைத்தான். திருப்பிப் பிடித்தான், உருண்டை என்பதால் எப்படித் திருப்பினாலும் அதே பிடி. வேகமாக ஒரு வீச்சு வீசிப் பார்த்தான். நழுவவில்லை.

யால்மர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். அண்ணன் கொடுக்கவில்லை.

"உனக்குத்தான் ஒத்துவரலையே."

"வேற கைப்பிடி மாட்டிக்கிறேன்டா. குடுத்ததைத் திருப்பி வாங்குவியா?"

"ஆமா, வாங்குவேன்."

"வெக்கமா இல்ல?"

"இல்ல."

மேல்கோட்டுகூடப் போடாமல் வாசலுக்கு இறங்கி, பனிக்குமேல் கோலை வீச ஆரம்பித்துவிட்டான். அண்ணி வெளியே எட்டிப் பார்க்கவில்லை. அடுப்பைத் திறந்து எதையோ தேடுவதுபோல் திரும்பி நின்று அழுதாள். நானும் அழுதேன், மறைக்கக்கூட இல்லை. யால்மர் மட்டும் கோலைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே என் அண்ணன் பின்னால் பனியில் சுற்றிச்சுற்றி நடந்துகொண்டிருந்தான்.